லைட் மினுங்கினால் குற்றவாளி எப்போதும் பெற்றரிதானா?

உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாகனம் திருத்துபவர்கள், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்புபவர்கள் எல்லாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

நம்மூரில் ஒரு காரின் ஹெட்லைட் மினுங்கி மினுங்கி எரியத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் “பெற்றரி போய்ட்டு நானா” என்பார். பெற்றரி மாறும். இரண்டு கிழமையில் திரும்பவும் மினுங்கும். அடுத்தவர் “அல்டர்னேட்டர்தான், வேறென்ன” என்பார். அதுவும் மாறும். மூன்றாவது தடவை மினுங்கும்போது “இந்த மொடலுக்கே இந்த வருத்தம் இருக்கு, வித்துப் போடுங்க” என்ற இறுதித் தீர்ப்பு வரும். இவ்வளவுக்கும் இடையில் ஒருவர்கூட ஒரு மீட்டரை எடுத்து எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார். நம்முடைய முறைப்பாடு இதைப் பற்றித்தான்.

மெக்கானிக்மார் மீது பழி போட்டு எழுதுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழியில் பாதிக்கு மேல் வாகனக்காரர்களான நமக்கே வரும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நம் ஊரின் நிலைமையைப் பார்ப்போம். திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உள் துறைமுக வீதியில் நிறுத்தினாலும் சரி, சீனக்குடாவில் வேலைக்குப் போய் நாள் முழுக்க நிறுத்தினாலும் சரி, கிண்ணியா, மூதூர் வீட்டு முற்றத்தில் நிறுத்தினாலும் சரி, உப்புக் காற்று போனெட்டுக்குள் போகாமல் விடாது. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் இருக்கிறது, பிறகென்ன! ஐஸ் கட்டிய மீன் ஏற்றுகிற வாகனங்களின் பாடு இன்னும் மோசம். உருகிய உப்புத் தண்ணீர் வழிந்து போய் நிற்கும் இடங்கள்தான் பெரும்பாலும் எர்த் வயர் பொடியோடு பூட்டியிருக்கும் இடங்கள். செம்பு வயரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெற்றரி முனைகளில் வெள்ளையும் நீலமுமாகத் தூள் பூக்கும். இரும்பில் துரு ஏறும். இந்த மூன்றும் மின்னோட்டத்துக்குத் தடை.

அதற்கு மேலே வாகனங்களின் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது, அதுவும் நம்மைப் போன்ற சம்பளக்காரர் எட்டிப் பார்க்க முடியாத வரியோடு. ஆகவே நாம் ஓட்டுகிற ஆல்டோ, வேகன் ஆர், சன்னி, டொல்பின் வேன் எல்லாம் பத்து, இருபது, சிலது முப்பது வருட வயரிங்கோடுதான் ஓடுகின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டு வந்த வெள்ளத்தில் நின்ற வாகனங்களையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற வயரிங் அடுத்த நாளே பழுதாவதில்லை. மூட்டுகளுக்குள் ஈரம் இருந்து, மெல்ல அரித்து, மாதக் கணக்கில் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். பாவித்த வாகனம் வாங்கப் போகிறவர்கள் சீட்டுக்குக் கீழே உள்ள வயர் மூட்டுகளையும் கார்பெட்டுக்கு அடியில் படிந்த சேற்றுக் கோட்டையும் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க நாம் போய்ச் செய்கிற பரிசோதனை புகைக்கானது. சொந்தக் காருக்குப் புகை சரியென்றால் பத்திரம் கிடைத்துவிடும். ஹெட்லைட் நேராக எரிகிறதா, பிரேக் லைட் எரிகிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆகவே லைட்டைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் போய் வந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். காட்டு ஓரத்திலிருந்து யானை வீதிக்கு ஏறும் பாதை அது. கறுப்பு வீதியில் சாம்பல் நிற யானை, நல்ல லைட்டிலேயே கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. அந்த இடத்தில் லைட் இரண்டு தடவை சிமிட்டினால் என்ன ஆகும்?

சரி, மினுங்கல் எங்கிருந்து வருகிறது?

காரில் ஒவ்வொரு லைட்டுக்கும் பெற்றரியிலிருந்து ஒரு வயர் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி வயர் பெரும்பாலும் இல்லை. காரின் இரும்பு உடம்பே திரும்பி வரும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். லைட்டின் கறுப்பு வயர் பொடியில் ஒரு நட்டில் பூட்டப்பட்டிருக்கும், பொடியிலிருந்து பெற்றரியின் மைனஸ் முனைக்கு ஒரு தடித்த வயர், பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் பின்னல் போன்ற ஒரு பட்டி. இந்த மூன்று பூட்டுகளில் ஒன்று தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ, பெற்றரி புத்தம் புதியதாக இருந்தாலும் லைட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்ட் வழியில் தொலைந்துவிடும். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது, குழாயில் பாசி பிடித்திருக்கிறது. அதற்குக் கிணற்றை ஆழமாக்கி என்ன பயன்?

எவ்வளவு தொலையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண ஹெலஜன் பல்ப் 55 வோட். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 9 அம்பியர் இழுக்கும். எர்த் பூட்டில் துருவால் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் அங்கே போய்விடும். ஓமின் விதிதான், சாதாரண தரத்துக்குப் படித்த எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஹெலஜன் பல்ப் நம்மிடம் கணக்குக் கேட்கிற விதம் கொஞ்சம் கொடுமையானது. வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து வீதம் குறைவதில்லை, ஏறக்குறைய முப்பது வீதம் குறைகிறது. அதனால்தான் ஒரு தளர்ந்த நட், குலுக்கத்தில் ஒட்டியும் விலகியும் நிற்கும்போது கண்ணுக்கு அப்படி அடித்துக் காட்டுகிறது.

எமக்குத் தெரிந்த ஒரு பாடசாலை வேனின் கதையைச் சொல்கிறோம். பழைய பெட்ரோல் வேன். மஃரிபுக்குப் பிறகு ரியூசன் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நேரம் லைட் மினுங்கும். சிக்னல் போட்டால் டேஷ்போர்டும் சேர்ந்து மங்கும். காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சோம்பல். ஒரு கராஜில் காட்டினார்கள். “ஸ்டார்ட் சோம்பல் என்றால் பெற்றரிதான்.” புதிய பெற்றரி போட்டார்கள். உண்மையில் சுகமானது! இரண்டு கிழமைக்கு. பிறகு பழைய கதை. அடுத்தது ரீகண்டிஷன் அல்டர்னேட்டர். அதற்குப் பிறகும் மினுங்கியது.

கடைசியில் வயரிங் வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார். கையில் சின்ன மீட்டர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட், புளோவர் எல்லாம் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு கம்பியைப் பெற்றரியின் மைனஸ் முனையில் வைத்தார், மற்றதை எஞ்சின் இரும்பில் வைத்தார். இரண்டும் ஒரே எர்த், அங்கே கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். 0.1, 0.2 வோல்ட் வரைக்கும் பரவாயில்லை. காட்டியது 0.7. குனிந்து கீழே பார்த்தால் எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான எர்த் பட்டி பச்சையாகிப் பாதிக்கு மேல் அறுந்து தொங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே பட்டி வழியாகத்தான் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் காலையில் சோம்பல். பட்டியை மாற்றி, பூட்டும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கினார். முடிந்தது.

அப்படியென்றால் புதிய பெற்றரி போட்டதும் இரண்டு கிழமை ஏன் சுகமாக இருந்தது? பலருக்கும் இந்த இடத்தில்தான் தடுமாற்றம். பெற்றரி மாற்றும்போது டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணி இறுக்கினார்கள் அல்லவா, அதில் ஒரு இடத்துத் தடை குறைந்தது. புதிய பெற்றரிக்குத் தள்ளும் பலமும் கூட. ஆகவே பழைய தடையைத் தாண்டிக் கொஞ்ச நாள் ஓடியது. சாமான் மாற்றியதும் குறை போனது என்பதற்காக அந்தச் சாமான்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது.

கதை இதோடு முடியவில்லை. அந்தத் தம்பி வேலைக்கும் பட்டிக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். பெற்றரியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வேன்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

“ஒரு வயர்த் துண்டுக்கு இவ்வளவா தம்பி? அரை மணித்தியாலம்கூட வேலை இல்லையே!”

பெற்றரிக்குப் பேரம் பேசவில்லை. அல்டர்னேட்டருக்கும் பேசவில்லை. குறையைக் கண்டுபிடித்தவரிடம்தான் பேரம்.

நம் கருத்து இதுதான். நாம் சாமானுக்குக் காசு கொடுப்போம், பார்த்துச் சொல்வதற்குக் கொடுக்க மாட்டோம். “பார்த்ததுக்கும் காசா?” என்று கேட்போம். ஒரு மணித்தியாலம் வயரைத் தடவி, மூட்டு மூட்டாகக் கழற்றி, தளர்ந்த ஒரு நட்டைக் கண்டுபிடித்து இறுக்கிக் கொடுக்கும் மெக்கானிக்குக்கு நாம் ஒரு பிளேன்டீயும் “பிறகு பார்ப்பமே” என்ற வார்த்தையும் கொடுக்கிறோம். பத்து நிமிடத்தில் பெற்றரியைத் தூக்கி மாற்றியவருக்கு அதில் ஒரு இலாபம் கிடைக்கிறது. அவரும் குடும்பக்காரர்தானே. எதற்குக் காசு கிடைக்குமோ அதைத்தான் செய்வார். இந்த முறையை உண்டாக்கியது கராஜ்காரர் மட்டுமல்ல, வாசலில் நின்று அவசரப்படுத்திய நாமும்தான். ஒரு டொக்டர் பார்த்துவிட்டு மருந்தே எழுதாமல் “ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள்” என்று சொன்னாலும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்?

எனவே நாம் கேட்பது இரண்டு. கராஜ்களில் குறை பார்ப்பதற்கு ஒரு கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வையுங்கள். நாம் அதைப் பேரம் பேசாமல் கொடுப்போம். அதற்குப் பதிலாக, சாமான் மாற்ற முன்பு எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது, மாற்றிய பின்பு எத்தனை என்று பில்லில் இரண்டு இலக்கம் எழுதித் தாருங்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இதற்குத் தேவையில்லை. ஒரு பெற்றரி வாங்குகிற காசில் சாதாரண மீட்டர் பத்து வாங்கலாம்.

வாகனக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “லைட் மினுங்குது” என்று மட்டும் சொல்லிச் சாவியை நீட்டாதீர்கள். எந்த லைட், எப்போது, என்ன செய்தால் என்று பார்த்துச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபடும்.

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மினுங்கினால் பெற்றரியையும் அல்டர்னேட்டரையும் மறந்துவிடலாம். அந்தப் பல்ப், அது குந்தியிருக்கும் ஹோல்டர், அதன் எர்த், இவ்வளவுக்குள்தான் குறை. ஹோல்டர் கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து மினுங்கி, உள்ளே உள்ள லைட்டும் டேஷ்போர்டும் ஆடாமல் இருந்தால் ரிலே, சுவிட்ச், ஹெட்லைட்டுகளுக்குப் பொதுவான எர்த் பக்கம் தேட வேண்டும். எல்லா லைட்டும் ஒன்றாக ஆடினால்தான் பெற்றரி டெர்மினல், பெரிய எர்த், அல்டர்னேட்டர் என்று போக வேண்டும்.

பள்ளத்தில் விழும்போது மினுங்கினால் எங்கேயோ ஒரு பூட்டுத் தளர்ந்திருக்கிறது. எக்ஸலேட்டரை அழுத்த அழுத்த மினுங்கல் வேகம் மாறினால் அல்டர்னேட்டர் பக்கம் பார்க்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதை. அடுத்தது உள்ளே இருக்கும் கார்பன் புரஷ். அது தேய்ந்து வளையத்தில் பட்டும் படாமலும் நின்றால் அல்டர்னேட்டர் விட்டு விட்டுத்தான் சார்ஜ் கொடுக்கும். அந்த புரஷ் இரண்டும் சுண்டு விரலின் பாதி அளவுகூட இல்லாத சாமான். அதை மாற்றத் தெரிந்தவர் இருக்கும்போது முழு அல்டர்னேட்டரையும் ஏன் மாற்ற வேண்டும்? ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் அல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட் ஒன்று போயிருக்கலாம். புத்தகத்தில் இருவாயி என்று படித்தோமே, அதேதான்.

பின்பக்கத்தில் ஒரு வேடிக்கையான குறை வரும். பிரேக் பிடித்தால் பார்க் லைட் மங்கும், அல்லது சிக்னல் போட்டால் அந்தப் பக்கத்து எல்லா லைட்டும் சேர்ந்து சிமிட்டும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஒன்றுமில்லை, பின் லைட் கூட்டின் பொதுவான எர்த் விட்டுவிட்டது. திரும்பிப் போக வழி இல்லாத மின்னோட்டம் பக்கத்துப் பல்ப் வழியாகப் போகப் பார்க்கிறது. ஒரு வயரும் ஒரு நட்டும் போதும். சிக்னல் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பல்ப் ஒன்று எரிந்துவிட்டது என்று கார் நமக்குச் சொல்கிறது. அது குறையே இல்லை, அறிவித்தல்.

குறையில்லாத மினுங்கலும் உண்டு. ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் லைட் ஒரு தடவை தாழ்ந்து எழும்பினால் பயப்பட வேண்டாம். எல்ஈடி லைட்டை போன் கேமராவில் பார்த்து “ஆடுது” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கேமராவின் வேலை, கண்ணால் பாருங்கள். பழைய மோட்டார் சைக்கிள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின் நேராக மெக்னெட் கொயிலில் இருந்து வரும், ரேஸ் பண்ணினால் பிரகாசமாகும், விட்டால் மங்கும். அதன் இயல்பே அதுதான்.

இந்த இடத்தில் மூத்த டிரைவர்மாரோடு ஒரு சின்ன வழக்கு. “ஸ்லோவில் நின்றால் லைட் குறையத்தான் செய்யும், அது வழமை” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் காலத்தில் காரில் இருந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின் கொடுக்க முடியாது, லைட் மஞ்சளாகிவிடும். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களுக்கு மின் சாமான் செய்த லூக்காஸ் கம்பனிக்கு இங்கிலாந்துக்காரரே “இருளின் இளவரசன்” என்று பட்டம் வைத்திருந்தார்கள்! 1960இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பனி தன் வேலியன்ட் காருக்கு அல்டர்னேட்டரை வழமையான சாமானாகப் போட்டது. பிறகு உலகம் முழுக்க அதுவே வந்தது. அல்டர்னேட்டர் ஸ்லோவிலும் சார்ஜ் கொடுக்கும். ஆகவே இன்றைய காரில் ஸ்லோவில் நின்றால் லைட் கண்ணுக்குத் தெரியும்படி செத்துப் போவது வழமை அல்ல, பார்க்க வேண்டிய குறை.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இலக்கங்கள். வாகனம் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் பண்ண முன்பு பெற்றரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் கிட்டத்தட்டக் கால்வாசி. ஸ்டார்ட் அடிக்கும் நேரம் 10க்குக் கீழே மிகவும் இறங்கினால் பெற்றரி மீது சந்தேகம் நியாயம். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8க்கும் 14.7க்கும் இடையில் நிற்கும். ஓடும்போதும் 12.5 தான் என்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பெற்றரி கொதிக்கும், பல்ப் அடிக்கடி போகும். புதிய ஜப்பான் வாகனங்கள் சிலவற்றில் எண்ணெய் மிச்சம் பிடிக்கவென்று கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், ஆகவே ஒரு தடவை 13க்குக் கிட்ட இறங்கியதைப் பார்த்து உடனே அல்டர்னேட்டரைக் கழற்றிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் பார்த்து, லைட், புளோவர் எல்லாம் போட்டு அளக்க வேண்டும். பிறகு மேலே அந்தத் தம்பி செய்தது போல எர்த்தையும் அளக்க வேண்டும், லைட் எரிந்து கொண்டிருக்கும்போதே. லைட்டை நிறுத்திவிட்டு அளந்தால் அறுந்து போகிற வயரும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்.

டெர்மினலில் பூத்த தூளைச் சுடு தண்ணீரில் அப்பச்சோடா கலந்து கழுவினால் போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியில் மைனஸ். காய்ந்த பின் இறுக்கிப் பூட்டி மேலே கொஞ்சம் வாஸ்லின். கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதை வருடத்தில் இரண்டு தடவையாவது செய்தால் நல்லது. மாரிக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

இனி, தயவு செய்து நிறுத்த வேண்டிய சில பழக்கங்கள்.

எஞ்சின் ஓடும்போது பெற்றரி டெர்மினலைக் கழற்றி “பாருங்க நிக்குதில்ல, அப்ப அல்டர்னேட்டர் நல்லம்” என்று காட்டும் சோதனை. டைனமோ காலத்திலும் ஆரம்ப அல்டர்னேட்டர் காலத்திலும் செய்தார்கள், தப்பித்தார்கள். இன்றைய காரில் பெற்றரி ஒரு தாங்கியாகவும் இருக்கிறது. சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும்போது அதைத் திடீரென்று விலக்கினால் அந்தக் கணத்தில் வோல்ட் 80ஐயும் தாண்டக்கூடும். 12 வோல்ட்டுக்குச் செய்த கம்ப்யூட்டர் பெட்டி அதைத் தாங்காது. மினுங்கிய லைட்டைப் பார்க்கக் கொண்டு போன கார், கம்ப்யூட்டர் செத்து இழுத்து வரப்படும். உங்கள் வாகனத்தில் யாராவது அந்த டெர்மினலில் கை வைத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுவது. 10 அம்பியர் இடத்தில் 30 போடுவது. பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருப்பதற்காக. அதை எரியவிடாமல் தடுத்தால் அடுத்தது வயர்தான், வயர் எரிவது டேஷ்போர்டுக்குள், பிள்ளைகள் இருக்கிற வேனுக்குள்.

லைட் மங்குகிறது என்பதற்காக 100 வோட் பல்ப் வாங்கிப் போடுவது இன்னொன்று. 55 வோட்டுக்கே வோல்ட் தொலைகிற பாதையில் 100ஐ ஏற்றினால் இன்னும் கூடத் தொலையும், ஹோல்டர் உருகும். எல்ஈடி பல்ப் போட்டால் அது குறைந்த மின்னில் எரியும்தான். ஆனால் ஹெலஜன் இழை சூட்டில் இருப்பதால் சின்னச் சின்ன ஆட்டத்தை மறைத்துவிடும், எல்ஈடி உடனுக்குடன் காட்டிக் கொடுக்கும். “எல்ஈடி போட்ட பிறகுதான் மினுங்குது” என்று சொல்பவர்களில் சிலருக்கு எல்ஈடியே மட்டமான சாமான், சிலருக்கு முன்பே இருந்த குறை இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. எது என்பதைப் பழைய ஹெலஜனைத் திரும்பப் போட்டு மீட்டரால் அளந்தால் சொல்லலாம். அதுவும் போக, ஹெலஜனுக்குச் செய்த கண்ணாடிக்குள் எல்ஈடியைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். கிண்ணியாப் பாலத்தில் இரவில் எதிரே வரும் அந்த வெள்ளை லைட்டுகளைச் சந்தித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆசிரியர்கள் என்ற வகையில் எமக்கு இதில் ஒரு பக்கக் கவலையும் இருக்கிறது. ஓமின் விதியை நம் பிள்ளைகள் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். V = IR, மூன்று விதமாகவும் மாற்றி எழுதுவார்கள். பல்மானியைக் கையில் கொடுத்து “இந்தப் பெற்றரியை அள” என்றால் கம்பியை எங்கே வைப்பது என்று விழிக்கிறார்கள். பல பாடசாலைகளில் பல்மானி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது, உடைந்துவிடும் என்ற பயத்தில். உயர்தரத்தில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகும் வயரிங் வேலைக்குப் போவது படிப்பு ஏறாதவன் வேலை என்ற எண்ணம் நம் வீடுகளில் மாறவில்லை. அந்த வேனின் குறையை அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்த தம்பியின் மூளை எந்த வகுப்பில் முதலாம் பிள்ளைக்கும் குறைந்ததா? தேசிய தொழிற் தகைமை என்று சொல்கிற என்விக்யூ சான்றிதழ் எடுத்தால் அதே வேலைக்கு இங்கேயும் மதிப்பு, வெளிநாட்டுக்குப் போனாலும் மதிப்பு. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை ஒருமுறை யோசியுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஸ்கூட்டியில் பாடசாலைக்கு வரும் டீச்சர்மார் எத்தனை பேர்! அதன் பெற்றரி டெர்மினலை இறுக்கவும் ஒரு ஆம்பிளையைத் தேடிப் போக வேண்டுமா?

மின்னோட்டவியல் பாடத்துக்குப் பாடசாலை முற்றத்தில் நிற்கிற ஒரு ஆசிரியரின் காரைவிடச் சிறந்த ஆய்வுகூடம் கிடையாது என்பது எம் அபிப்பிராயம். ஸ்டார்ட் பண்ண முன்பு ஒரு அளவு, பின்பு ஒரு அளவு, லைட் போட்டு ஒரு அளவு. ஒரு பாடவேளை போதும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு நாளைக்கே மீட்டரோடு இறங்குகிறவர்கள் இருப்பீர்கள். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களைத் தொடவே வேண்டாம். அதில் ஓடுவது 12 வோல்ட் அல்ல, உயிரை எடுக்கக்கூடிய நூற்றுக்கணக்கான வோல்ட். அது பயிற்சி எடுத்தவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. மஞ்சள் நிற மூட்டுகள் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றையும் கழற்ற வேண்டாம். ஆனால் அந்தக் கார்களிலும் லைட்டுக்கு ஒரு சாதாரண 12 வோல்ட் பெற்றரி தனியாக இருக்கிறது, அதன் டெர்மினலும் எர்த்தும் நம் கதையில் வருகிற அதே டெர்மினலும் எர்த்தும்தான். அதற்குச் சார்ஜ் கொடுப்பது அல்டர்னேட்டர் அல்ல, பெரிய பெற்றரியின் மின்னை 12 வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கிற வேறொரு சாமான். ஆகவே உங்கள் அக்வாவின் லைட் மினுங்குகிறது என்று கொண்டு போகும்போது யாராவது போனெட்டைத் திறந்து பார்த்துவிட்டு “அல்டர்னேட்டர் மாத்தணும்” என்று சொன்னால், போனெட்டை மூடி, சிரித்த முகத்தோடு சலாம் சொல்லிவிட்டு அடுத்த கராஜுக்குப் போங்கள். அந்தக் காரில் அல்டர்னேட்டரே இல்லை.